பல்லாங்குழிப் பைக்குள் சுழி போட்ட நான்கு வெள்ளைக் "கற்கள்": இவை என்ன?

பழம்பெட்டி:
பழைய டிரங்குப் பெட்டியில் பல்லாங்குழிப் பலகையோடு சேர்ந்து ஒரு துணிப்பை. உள்ளே புளியங்கொட்டை, சோழி, முழுச் சிவப்பு விதைகள், கறுப்புப் பொட்டு வைத்த சிவப்பு விதைகள், சாம்பல் நிறத்தில் உருண்டையான கொட்டைகள். இவற்றோடு கலந்து கிடந்த நான்கு உருப்படிகள்தான் என்னவென்று பிடிபடவில்லை. படம் தளத்தில் ஏற மறுக்கிறது. எழுத்திலேயே தருகிறேன்.

குறுக்களவு 15 முதல் 19 மி.மீ. நடுவில் கனம் 7, 8 மி.மீ. சரியான வட்டம் இல்லை, லேசான நீள்வட்டம். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிந்து மேடாக இருக்கிறது. தட்டைப் பக்கத்தில் சுழி ஒன்று, மூன்று நான்கு சுற்று. சுழியின் மையம் நட்டநடுவில் இல்லை, கொஞ்சம் ஓரமாக ஒதுங்கியிருக்கிறது. இரண்டு உருப்படிகளில் அந்தத் தட்டைப் பக்கம் பழுப்பு நிறத்தில் மெல்லிய தோல் ஒட்டியிருக்கிறது, நகம் பட்டால் உரிகிறது. குவிந்த பக்கம் பீங்கான் வெள்ளை, ஓரத்தில் மங்கலான பச்சை. துளை எதுவும் இல்லை. கையில் எடுத்தால் சில்லென்று இருக்கிறது. ஒன்றின் மேல் மட்டும் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது, துடைத்தாலும் இரண்டு நாளில் திரும்ப வருகிறது.

கல்லா, எலும்பா, விதையா, ஏதாவது பிராணியின் பாகமா?

கல்லுளி:
சுழி என்றதும் எல்லாரும் சாளக்கிராமம் என்று ஆரம்பிப்பார்கள். அதை முதலில் ஒதுக்கிவிடுவோம். சாளக்கிராமம் என்பது நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் கரிய களிப்பாறை உருண்டை. உள்ளே இருப்பது அம்மோனைட் என்ற அழிந்துபோன கடலுயிரியின் தடம். நிறமே கறுப்பு. சுழிக்குக் குறுக்கே வரிவரியாக விலா எலும்பு மாதிரி மேடுகள் ஓடும். உங்களிடம் இருப்பது வெள்ளை, விலா வரிகளைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

நம் பக்கத்து அம்மோனைட்டும் உண்டு. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில், குறிப்பாகக் காரை பக்கத்துக் களிமண் காட்டில், சுமார் 10 கோடி ஆண்டுப் பழமையானவை வெளியே தெரியக் கிடக்கின்றன. ஆனால் அம்மோனைட் என்றால் இரண்டு முகத்திலும் சுழி தெரிய வேண்டும். ஒரு முகத்தில் மட்டும் சுழி, மறுமுகம் வழவழவென்று மொட்டை என்றால் அது அம்மோனைட் அல்ல.

கட்ச் பகுதியில் நாணயம் போலக் கிடைக்கும் நம்முலைட் என்ற புதைபடிவமும் அல்ல. அது இரு பக்கமும் ஒரே மாதிரி குவிந்திருக்கும். சுழி உள்ளே இருக்கும், இரண்டாகப் பிளந்தால்தான் தெரியும்.

மிச்சம் இருப்பது அகேட் கூழாங்கல். அதற்கு ஒரு தையல் ஊசி போதும். ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அழுத்திக் கீறுங்கள். கீறல் விழாமல் ஊசியின் உலோகம் மட்டும் சாம்பல் கோடாகப் படிந்தால் அகேட் மாதிரி கடினக் கல். பள்ளமாகக் கோடு விழுந்தால் கல் வேட்டையை அங்கேயே நிறுத்திவிடலாம்.

மீன்பாடு:
மீன் காதுக்கல்லாக இருக்க வாய்ப்பு உண்டா என்று பாருங்கள். கத்தாழை, பன்னா வகை மீன்களின் மண்டைக்குள் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெள்ளைக் கல் இருக்கும். பெரிய மீனில் கட்டை விரல் நகம் அளவுக்கு வரும். தலைக்கறி சாப்பிடும் வீடுகளில் இதை எடுத்துக் கழுவிப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுப்பது வழக்கம். பல்லாங்குழிப் பைக்குள் வந்து சேர நல்ல வழி அதுதான்.

அடையாளம் இது: காதுக்கல்லின் ஒரு முகத்தில் தலைப்பிரட்டை வடிவத்தில் ஒரு பள்ளம் இருக்கும். தலை அகலம், வால் வளைந்து கீழே இறங்கும். சுற்றிச் சுற்றி வரும் சுழி கிடையாது. இடது, வலது என்று ஜோடி ஜோடியாக, ஒன்றுக்கு ஒன்று கண்ணாடி பிம்பமாக இருக்கும். உங்கள் நான்கும் ஒரே பக்கம் சுழல்கின்றனவா, இரண்டு இரண்டாக எதிர் எதிரா?

பழம்பெட்டி:
ஊசிக் கீறல் பள்ளமாக விழுகிறது. செப்புக் காசால் கீறினால் விழவில்லை. நான்கு சுழியும் ஒரே திசை, ஜோடி இல்லை. தலைப்பிரட்டைப் பள்ளம் கிடையாது.

பூஜைக்கடை:
ஐயா, இது கோமதி சக்கரம். நீங்கள் எழுதியதை வைத்தே சொல்லிவிடலாம். பூஜைச் சாமான் கடைகளில் 11 வீதம் சிவப்புத் துணியில் கட்டி விற்பது இதுதான். கடைக்கு வருவது மெஷினில் போட்டு மெருகேற்றிய சரக்கு, அதனால் பழுப்புத் தோல் இருக்காது, சுழி மட்டும் மெல்லிய கோடாகத் தெரியும். தோலோடு இருக்கிறதென்றால் உங்களுடையது மெருகேற்றாத சரக்கு. லட்சுமிக்கு உகந்தது என்று பணப்பெட்டியில் போட்டு வைப்பார்கள். கோமதி ஆற்றில் கிடைக்கும் அபூர்வக் கல்.

அசலா என்று பார்க்க ஒரு வழி. தட்டில் எலுமிச்சைச் சாறு ஊற்றி, தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்தால், அசல் சக்கரம் தானாக நகரும். உயிரோட்டம் உள்ளது மட்டுமே நகரும் என்பார்கள்.

கரைவலை:
பூஜைக்கடை சார் சொன்ன பெயர் சரி. கல், ஆறு, உயிரோட்டம் மூன்றும் சரியில்லை. கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன், இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது.

இது டர்போ வகைக் கடல் நத்தையின் வாசல் மூடி. நத்தையின் உடம்பில், காலின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும். ஆபத்து என்றால் நத்தை ஓட்டுக்குள் தன்னை இழுத்துக்கொள்ளும். கடைசியாக உள்ளே போவது இந்த மூடி. ஓட்டின் வாய் வட்டம் என்பதால் மூடியும் வட்டம். பெரும்பாலான நத்தைகளுக்கு மூடி நகம் மாதிரியான கொம்புப் பொருளால் ஆனது. டர்போ போன்ற சில குடும்பங்களுக்குத்தான் அந்தக் கொம்புத் தகட்டின் வெளிப்பக்கத்தில் சுண்ணாம்பு கனமாக ஏறிவிடும்.

இப்போது உங்கள் அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள்.

தட்டைப் பக்கம் சதையோடு ஒட்டியிருந்த உள்முகம். குவிந்த வெள்ளைப் பக்கம் கடலைப் பார்த்த வெளிமுகம். உரியும் பழுப்புத் தோல் அந்த ஆதிக் கொம்புத் தகடு. நத்தை வளர வளர வாய் பெரிதாகும், மூடியும் கூடவே பெரிதாக வேண்டும். புதிய பொருள் எல்லாப் பக்கமும் சமமாகச் சேராமல் ஒரு ஓரத்தில் மட்டும் சேர்ந்துகொண்டே போவதால்தான் சுழி உண்டாகிறது, மையமும் ஒதுங்கி நிற்கிறது. துளை இருக்கக் காரணமே இல்லை. நத்தை செத்ததும் சதை அழுகி மூடி தனியாகக் கழன்று கரையில் ஒதுங்கும். அதனால்தான் ஓடு இல்லாமல் மூடி மட்டும் கிடைக்கிறது.

ஆற்று விஷயம். இணையத்தில் பாதிப் பேர் லக்னோ வழியாக ஓடும் கோமதி என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அது கங்கையில் கலக்கும் நன்னீர் ஆறு, டர்போ அங்கே பிழைக்காது. இது குஜராத்தில் துவாரகைக் கோயிலை ஒட்டி அரபிக்கடலில் கலக்கும் கோமதி. அது கடல் ஏறி இறங்கும் கழி. சௌராஷ்டிரக் கரையின் பாறைகளில் டர்போவும் அதன் நெருங்கிய சொந்தமான லுனெல்லாவும் ஏராளம். அபூர்வம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மன்னார் வளைகுடா, தூத்துக்குடி பாறைக் கரைகளிலும் டர்போ உண்டு. ஆக, உங்களுடையது துவாரகையிலிருந்து வந்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. ராமேஸ்வரம் போய் வந்த யாராவது மணலில் பொறுக்கியதாகவும் இருக்கலாம். மெருகு ஏறாமல் தோலோடு இருப்பதைப் பார்த்தால் கடைச் சரக்கைவிட அதற்கே என் ஓட்டு.

எலுமிச்சைச் சாற்றில் நகர்வது உண்மைதான். மூடி சுண்ணாம்பு, சாறு அமிலம். இரண்டும் சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பும். தட்டைப் பக்கத்துக்கும் தட்டுக்கும் நடுவில் குமிழிகள் மாட்டிக்கொண்டு மூடியைத் தூக்கும், ஒரு பக்கமாக வெளியேறும்போது எதிர்ப்பக்கம் தள்ளும். சிப்பி ஓட்டுத் துண்டு ஒன்றை அடிப்பக்கம் நன்றாகத் தேய்த்துத் தட்டையாக்கி வைத்தாலும் குமிழி வரும், எடை ஒத்துவந்தால் நகரவும் செய்யும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதே சின்ன மூடிகளை "கண் கல்" என்று விற்றார்கள். வினிகரில் போட்டு "உயிர்" வரவழைத்து, கண்ணில் விழுந்த தூசியை எடுக்க இமைக்குள் வைப்பார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்துபார்க்க வேண்டாம்.

முக்கியமானது: ஒவ்வொரு முறை சாற்றில் வைக்கும்போதும் மேற்பரப்பு கரைகிறது. நாலு தடவை வேடிக்கை காட்டினால் மெல்லிய சுழிக்கோடு போயே போய்விடும்.

பூஜைக்கடை:
நகர்வதற்கு இப்படி ஒரு காரணம் இருப்பது புரிகிறது. பூஜைக்கு வைப்பது அவரவர் நம்பிக்கை, அதில் குறை இல்லை. ஆனால் சரக்கில் போலி வருகிறதே, அதைச் சாறு இல்லாமல் எப்படிப் பிரிப்பது? அச்சில் வார்த்தது, வேறு சிப்பியை வட்டமாக வெட்டியது என்று கலந்து அனுப்புகிறார்கள்.

தராசு:
தண்ணீரில் எடை பார்த்தால் பொருளுக்குச் சேதமே இல்லாமல் தெரிந்துவிடும். நகைத் தொழிலில் தினமும் செய்வதுதான்.

வேண்டியது: 0.1 கிராம் காட்டும் மின்தராசு, ஒரு கண்ணாடி டம்ளர், தையல் நூல். 1 கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு உதவாது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நான்கையும் உலர்ந்த நிலையில் ஒன்றாக நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். நான்கையும் நூலால் சுற்றிக் கட்டி, கையில் பிடித்தபடியே தண்ணீருக்குள் முழுதாக இறக்குங்கள். அடியிலும் பக்கத்திலும் படக் கூடாது, தொங்க வேண்டும். அப்போது தராசு காட்டும் கிராம்தான் பொருளின் கன அளவு, மில்லிலிட்டரில். உலர் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி.

தவறு எங்கே வரும்? ஒன்று, குமிழி. சுழிப் பள்ளத்தில் காற்று ஒட்டிக்கொண்டால் கன அளவு கூடி அடர்த்தி குறைந்து காட்டும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, நூலை ஒரு சுண்டு சுண்டினால் குமிழி போய்விடும். இரண்டு, ஒவ்வொன்றாக நிறுப்பது. ஒரு உருப்படி 3 கிராம்கூட வராது, கன அளவு 1 மில்லிதான் இருக்கும். அதில் 0.1 பிசகினால் அடர்த்தியில் பத்தில் ஒரு பங்கு பிசகு. நான்கையும் சேர்த்தால் அந்தப் பிசகு நாலில் ஒன்றாகிவிடும். மூன்று, பொருள் அடியில் படுவது. பட்டால் தராசு முழு எடையைக் காட்டும், அடர்த்தி 1 என்று வரும்.

வரும் எண்ணை இப்படிப் படியுங்கள். ரெசின், பிளாஸ்டிக் 1.1 முதல் 1.4. யானைத் தந்தம், எலும்பு 1.7 முதல் 2.0. கண்ணாடி 2.5 அக்கம்பக்கம். அகேட் 2.6. சிப்பி, சங்கு, நத்தை மூடி, காதுக்கல் எல்லாம் 2.7 முதல் 2.9. பூனைக்கண் என்று சொல்லும் அசல் வைடூரியம் 3.7. கண்ணாடியும் அகேட்டும் நெருங்கி வருவதால் எடை மட்டும் போதாது, ஊசிக் கீறலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊசிக்குப் பணிந்து, 2.7க்கு மேல் வந்தால் அது சுண்ணாம்புப் பொருள்.

பழம்பெட்டி:
நான்கும் சேர்த்து உலர் எடை 11.0 கிராம். தண்ணீரில் தொங்கவிட்டபோது 4.0. அடர்த்தி 2.75.

தராசு:
கச்சிதம். தராசின் பிசகைச் சேர்த்தாலும் 2.7க்கும் 2.8க்கும் இடையில்தான் நிற்கும். இதையே 1 கிராம் தராசில் செய்திருந்தால் 2.3லிருந்து 3.3 வரை எதுவும் வரலாம், கண்ணாடி என்றும் சொல்லலாம், சிப்பி என்றும் சொல்லலாம்.

கரைவலை:
பூஜைக்கடை சார் கேட்ட போலிக்கு வருகிறேன்.

வார்ப்பு ரெசின் அடர்த்தியிலேயே மாட்டிக்கொள்ளும். கையில் வைத்ததும் சில்லென்று இருக்காது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் அச்சு இரண்டு பாதியாகச் சேர்ந்த கோடு விளிம்பைச் சுற்றித் தெரியும். பத்து உருப்படியை வரிசையாக வைத்தால் எல்லாம் ஒரே அளவு, சுழி ஒரே இடத்தில் தொடங்கும். அசலில் இரண்டு ஒன்றுபோல் இருப்பதே கிடையாது.

வேறு சிப்பியை வெட்டியது என்றால் பெரும்பாலும் கூம்பு நத்தையின் தலைப்பகுதி. அதிலும் இயற்கையான சுழி உண்டு, அடர்த்தியும் சரியாக வரும், அமிலத்திலும் பொங்கும். திருப்பிப் பாருங்கள். கூம்பு நத்தைத் துண்டின் பின்பக்கம் குழிந்து, உள்ளே சுவர்கள் சுருள் சுருளாகத் தெரியும், பல சமயம் நடுவில் ஓட்டையும் இருக்கும். மூடியின் பின்பக்கம் குவிந்து, உள்ளே குழியே இல்லாமல் இறுகியிருக்கும். ஒரு முறை திருப்பிப் பார்த்தவர் பிறகு ஏமாறமாட்டார்.

"எதிர்ச் சுழி, லட்சத்தில் ஒன்று" என்று விலை சொல்வதும் நடக்கிறது. மெருகு ஏற்றிய சரக்கில் எது உள்முகம் எது வெளிமுகம் என்று குழம்பும் அளவுக்குத் தேய்த்திருந்தால் சுழி மாறித் தெரியும். படத்தைக் கணினியில் இடவலமாகத் திருப்பிப் போட்டாலும் மாறித் தெரியும். பொருளை நேரில் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

மீன்பாடு:
சங்குக்கும் மூடி உண்டே, அது ஏன் இப்படி இல்லை?

கரைவலை:
பால் சங்கின் மூடி முழுக்கக் கொம்புப் பொருள். தடித்த பழுப்பு, வளைந்த நகம் போன்ற வடிவம், சுண்ணாம்பு ஏறாது. எரித்தால் முடி கருகும் வாடை வரும். அமிலத்தில் பொங்காது. சோழிக்கு மூடியே கிடையாது.

எந்த டர்போ என்று மூடியை மட்டும் வைத்து அறுதியிட முடியுமா என்று அடுத்துக் கேட்பார்கள். சிலவற்றில் முடியும். டர்போ பெத்தோலாட்டஸ் மூடி வழவழப்பாக, நடுவில் நீலப்பச்சை, ஒரு ஓரம் அடர் பழுப்பு. அதைத்தான் நகையில் பூனைக்கண் என்று பதிக்கிறார்கள், வைடூரியத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வைடூரியத்தில் வெளிச்சக் கோடு கல்லை ஆட்டும்போது நகரும், மூடியில் நிறம் வரைந்தது போல் அங்கேயே நிற்கும். டர்போ மார்மோரேட்டஸ் மூடி உள்ளங்கை அளவுக்கும் வரும், ஒரு கையளவு கூழாங்கல் கனம் இருக்கும். உங்களுடைய அளவில், வெள்ளை, ஓரப்பச்சை என்றால் சின்ன டர்போ அல்லது லுனெல்லா, அதற்கு மேல் மூடியை வைத்து இழுக்கக் கூடாது.

மார்மோரேட்டஸ் என்றதும் ஒரு எச்சரிக்கை. அந்தமான் நிக்கோபாரில் பொத்தானுக்கும் பதிப்பு வேலைக்கும் அதை அள்ளியதில் அருகிப்போனது. 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்த 24 மெல்லுடலிகளில் அதுவும் ஒன்று. பட்டியல்களை 2022 திருத்தம் மறுபடி அடுக்கியிருக்கிறது, ஆகவே பெரிய மூடி கையில் இருந்தால் விற்க வாங்க யோசிக்கும் முன் இன்றைய பட்டியலைப் பார்க்க வேண்டும். 2 செ.மீ. மூடிக்கு இந்தக் கவலை இல்லை.

பழம்பெட்டி:
பொடி பூப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. ஒன்றில் மட்டும் ஏன்? பூஞ்சையா?

கல்லுளி:
பூஞ்சை இல்லை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். லேசான வினிகர் வாடை வந்தால் விஷயம் தெளிவு. மரம் நாள்பட அசெட்டிக், ஃபார்மிக் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். பல்லாங்குழிப் பலகை மரம், மூடிய டிரங்குப் பெட்டி, காற்றோட்டம் இல்லை, மழைக்கால ஈரம். அந்த ஆவி சுண்ணாம்பைத் தின்று உப்பாக்குகிறது, உப்பு வெள்ளைப் பொடியாக மேலே வருகிறது. அருங்காட்சியகங்களில் சிப்பிச் சேகரிப்புகளை மர அலமாரியில் வைத்துக் கெடுத்த கதை நூறாண்டுக்கு மேல் பழையது. பைன் (Byne) நோய் என்று பெயர், ஆனால் தொற்றாது, வேதிவினைதான். பலகையை ஒட்டிக் கிடந்த உருப்படிக்கு முதலில் வந்திருக்கும்.

துடைத்தால் போகாது, ஈரத்தை உறிஞ்சி உப்பு உள்ளேயே நிற்கும். காய்ச்சி வடித்த நீர், பேட்டரிக்கு ஊற்றுவது, ஒரு கிண்ணத்தில் எடுத்து ஒரு நாள் முழுக்க ஊறப்போடுங்கள். நீரை மாற்றி இன்னொரு நாள். பல்துலக்கும் மென்மையான பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்து, நிழலில் இரண்டு மூன்று நாள் நன்றாக உலர விடுங்கள். வெயில் வேண்டாம். தோல் இருப்பவற்றை ஊறவைக்காதீர்கள், தோல் கழன்றுவிடும்.

பிறகு கண்ணாடி சீசா, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. மரப்பெட்டி, செய்தித்தாள், அட்டைப்பெட்டி மூன்றும் ஆகாது, செய்தித்தாளிலும் அமிலம் உண்டு.

பூஜைக்கடை:
பாலாபிஷேகம் செய்து அப்படியே துணியில் முடிந்து வைப்பவர்கள் நிறைய. "கறுத்துப்போச்சு, சக்தி போச்சு" என்று திருப்பிக் கொண்டுவருவார்கள்.

கரைவலை:
பால் புளித்தால் அதுவும் அமிலம்தான். அபிஷேகம் ஆனதும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துக் காயவைத்துவிட்டால் எந்தக் கேடும் வராது. பளபளப்பாக்க எலுமிச்சைத் தோல், புளி, பித்தளைக்குப் போடும் பொடி எதையும் தொடக் கூடாது. பிளீச் வெள்ளையாக்கும், ஆனால் பழுப்புத் தோலைக் கரைத்துவிடும். கடைச் சரக்கு பலவும் அந்த வழியில்தான் வெளுக்கிறது. பழம்பெட்டி அவர்களே, உங்கள் இரண்டில் தோல் மிச்சம் இருப்பதுதான் அவற்றின் மதிப்பு, அதை அப்படியே விடுங்கள். உலர்ந்த பிறகு மினரல் ஆயில் ஒரு சொட்டைத் துணியில் எடுத்துக் குவிந்த பக்கத்தில் மட்டும் தடவலாம். தேங்காயெண்ணெய் நாளானால் சிக்கு வாடை அடிக்கும், பிசுபிசுக்கும்.

அமிலச் சோதனை இன்னும் தேவையா என்றால், எடையும் கீறலும் சுழியும் ஒத்துவந்த பிறகு தேவையில்லை. செய்துதான் ஆக வேண்டுமென்றால் பல்குத்தும் குச்சி முனையில் ஒரு துளி வினிகர், விளிம்பில், லென்ஸ் வைத்துப் பார்த்து, குமிழி தெரிந்த உடனே கழுவிவிட வேண்டும். மெருகேற்றிய சரக்கில் மெழுகு பூசியிருந்தால் குமிழி வராது, போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கழிவறை ஆசிட்டை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் எடுக்காதீர்கள்.

விதைக்காரி:
நான்கு மூடியில் எல்லாரும் மூழ்கிவிட்டீர்கள். அந்தப் பைக்குள் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கறுப்புப் பொட்டு வைத்த சிவப்பு விதை குன்றிமணி. அதைப் பிள்ளைகள் கைக்குக் கொடுப்பதற்கு முன் பிரிக்க வேண்டும்.

குன்றிமணி 5 முதல் 7 மி.மீ., முட்டை வடிவம், ஒரு முனையில் கறுப்பு. முழுச் சிவப்பாக இருப்பது மஞ்சாடி, ஆனைக்குன்றிமணி என்றும் சொல்வார்கள். 8, 9 மி.மீ., இரு பக்கமும் குவிந்த வட்டம், கறுப்பே இருக்காது. இரண்டும் பொற்கொல்லர் எடைகள், இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. இரண்டையும் பல்லாங்குழிக்குப் பயன்படுத்துவது வழக்கம்.

குன்றிமணிக்குள் இருக்கும் அப்ரின் கடுமையான நஞ்சு. மேலோடு முழுதாக இருந்தால் விழுங்கினாலும் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும், ஓடு அவ்வளவு கடினம். ஆபத்து கடித்து மென்றாலோ, விரிசல் விட்டிருந்தாலோ, கோர்க்க ஊசியால் துளைத்திருந்தாலோதான். பழைய பையில் கிடந்தவற்றில் துளையிட்டவையும் பூச்சி அரித்தவையும் கட்டாயம் இருக்கும். குழந்தை வாயில் போட்டு மென்றதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி வருமா என்று காத்திருக்காமல் விதையோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறிகுறி சில மணி நேரம் கழித்தும் தொடங்கும்.

சாம்பல் உருண்டை கழற்சிக்காய். குறுக்களவு 2 செ.மீ. அளவுக்கு இருக்கும். தண்ணீரில் போட்டால் மிதக்கும், உள்ளே காற்று இருக்கிறது. மேலே கூர்ந்து பார்த்தால் மயிரிழை போலச் சுற்றுக்கோடுகள், ஒரு இடத்தில் காம்பு ஒட்டிய சிறு தழும்பு. அதையும் கல் கோலி என்று நினைத்து இதே தளத்தில் கேட்டிருக்கிறார்கள். தரையில் பரபரவென்று தேய்த்துச் சூடு வைத்து விளையாடுவது இதைத்தான். கசப்பு மருந்து, வீட்டில் கிடக்கிறதே என்று எடுத்து அரைத்துக் குடிக்க வேண்டாம், நாள்பட்ட கொட்டையின் உள்பருப்பு கறுத்துக் கெட்டிருக்கலாம். குலுக்கினால் கலகலவென்று ஆடுவது பருப்பு உலர்ந்து சுருங்கி ஓட்டை விட்டுப் பிரிவதால்தான்.

பழம்பெட்டி:
வினிகர் வாடை இருக்கிறது, பொடி பூத்ததில் மட்டும். குன்றிமணியைப் பிரித்தாயிற்று, அதில் ஆறேழு துளையிட்டவை. இவற்றை எங்கே போடுவது? தோட்டத்தில் எறிந்தால் முளைக்குமா?

விதைக்காரி:
முளைக்கும். துளையிட்டது என்றால் தண்ணீர் உள்ளே போக வழி இருக்கிறது, பருப்பு உயிரோடு இருந்தால் இன்னும் சீக்கிரம் முளைக்கும். கொடி வேலியெங்கும் ஏறிக் காய்த்து வெடிக்கும், சிவப்பு விதை பிள்ளைகள் கண்ணுக்கு நேரே தொங்கும். தோட்டம் வேண்டாம். ஒரு சீசாவில் போட்டு இறுக மூடி, எட்டாத உயரத்தில் வையுங்கள், அல்லது பொட்டலத்தை டேப் சுற்றிக் குப்பையோடு அனுப்புங்கள். நெருப்பில் போடாதீர்கள். பிரித்த கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

கல்லுளி:
அந்தத் துணிப்பையையும் துவைத்துவிடுங்கள், பொடி அதிலும் ஏறியிருக்கும். மூடிகள் இனிமேல் பலகையோடு சேர்ந்து இருக்கக் கூடாது, சோழிகளுக்கும் அதே சட்டம். ஆட வேண்டிய நாளில் எடுத்து ஆடிவிட்டுச் சீசாவில் திரும்பப் போட்டால் போதும்.